நான் பிரித்த தையல்

மார்ச் 4, செவ்வாய்

என் மனைவியிடமிருந்து இன்றும் "அதான்" மட்டும்தான். டீ சூடு போதுமா என்று கேட்டேன், "அதான்". சட்டையை மாற்றிவிடட்டுமா, "அதான்". மழை வரும்போலிருக்கிறதே, "அதான்". புதிதாக ஒரு சொல் வந்தால் குறித்து வையுங்கள் என்று பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா சொன்னதால்தான் இந்த எழுத்து வேலையை ஆரம்பித்தேன். குறிக்க ஒன்றும் கிடைக்காததால் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பக்கவாதம் வந்து அரை வருஷத்துக்கு மேலாகிறது. அவளுக்கு வலது கையும் போயிற்று, பேச்சும் போயிற்று. கடையில் தைத்தவன் நான், பேசியவள் அவள். நான் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு தோள் அளவு எடுத்து முடிப்பதற்குள், வந்தவருடைய மாமியார் வீட்டுச் சண்டை வரைக்கும் அவள் கேட்டு முடித்திருப்பாள். பாதிப் பேர் அவள் பேச்சுக்காகவே வந்தார்கள், வந்ததற்கு ஒரு சட்டையும் தைத்துக்கொண்டு போனார்கள். ஆனால் ஊசியைத் தொடமாட்டாள். "வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும்" என்பாள்.

அப்படிப்பட்டவளை இப்போது தைக்க அழைத்துப் போகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள கூடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் தையல் கூட்டம். பேச்சுப் போனவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய துணி தைக்கிறார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து நடத்துகிறாள். அவளுக்கு நான் வைத்த பெயர் ஆராய்ச்சி. "நான் சொல்லிக்குடுக்க வரல சார். நானும் கூட உக்காந்து தைக்கத்தான் வந்திருக்கேன். தைக்கும்போது நமக்குள்ள என்ன நடக்குதோ, அதுதான் ஆராய்ச்சி" என்றாள். நன்றாக இருக்கிறது. எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் இத்தனை வருஷமும் ஆராய்ச்சி செய்தேன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

அங்கே ஒரு விதி. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது, எவர் போட்ட தையலையும் பிரிக்கக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் பக்கத்தில் இன்னொன்று தைக்கலாம். இரண்டு பேருக்கு ஒரு துண்டுத் துணி, கடைசியில் துண்டுகளையெல்லாம் இணைத்து ஒன்றாக்குவார்களாம். மேசையோடு கவ்வியால் பிடித்த சட்டத்தில் துணியை மாட்டிவிட்டால் ஒரு கையாலேயே தைக்க முடிகிறது. எல்லோருக்கும் இடது கை. நல்ல கெட்டிப் பருத்தி. அந்தத் துணியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

மார்ச் 5, புதன்

எதிர்வீட்டம்மா வந்து வெகுநேரம் பேசிவிட்டுப் போனார். நடுநடுவே இவள் போட்ட "அதான்" ஒவ்வொன்றும் கச்சிதமான இடத்தில் விழுந்தது. இவளுக்குக் குணமாகிவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

மார்ச் 11, செவ்வாய்

கூட்டத்தில் இவளுக்கு ஜோடி ஒரு லாரிக்காரர். வாட்டசாட்டமான ஆள், இவளைப்போலவே வலது பக்கம் விழுந்துவிட்டது. இவளுக்காவது ஒரு சொல் இருக்கிறது, அவருக்கு அதுவும் இல்லை. மருமகள்தான் கைத்தாங்கலாக அழைத்து வருகிறாள். அவர் நீல நூல், இவள் சிவப்பு நூல்.

தையலா அது! கோழி கிளறின மாதிரி இருக்கிறது. ஒன்று நீளம், அடுத்தது குட்டை, அடுத்தது எங்கோ மூலையில். எனக்குக் கை அரித்தது. "நீங்களும் ஒரு துண்டு எடுத்துக்கங்களேன் சார்" என்றாள் ஆராய்ச்சி. நான் தொழிலுக்குத் தைக்கிறவன், விளையாட்டுக்குத் தைக்கிறதில்லை என்றேன். முறைப்பாகத்தான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டுத் தன் துணிக்குப் போய்விட்டாள். அவள் தையலும் ஒன்றும் உருப்படியில்லை.

நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தால், இவள்! லாரிக்காரர் என்னவோ தைத்துவிட்டு ஊசியை நிறுத்தி இவள் முகத்தைப் பார்க்கிறார். இவள் அதை விரலால் தடவிப் பார்த்து, "அதான்! அதான்!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பிறகு அதன் பக்கத்திலேயே இவள் ஏதோ தைக்க, அவர் தலையை ஆட்டுகிறார். நான் போய் எட்டிப் பார்த்தேன். நீலத்தில் நாலு கிறுக்கல், சிவப்பில் ஐந்து கிறுக்கல். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இத்தனை மாதமாக ஒரு சிரிப்புக்கு நான் போடாத வேஷமில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிடுகிறேன்: எனக்குப் பொறாமையாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

மகள் போனில் அழைத்தாள். அம்மா எப்படியிருக்கா என்றாள். தைக்கிறாள் என்றேன். "அம்மாவா? தைக்கிறாளா? அப்பா, நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று என்னை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று லாரிக்காரர் தலையே நிமிரவில்லை. வந்ததிலிருந்து தைத்துக்கொண்டே இருந்தார். இவளும் தன் ஊசியை எடுக்காமல் அவர் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் அவர் சட்டத்தை இவள் பக்கம் நகர்த்தி, உள்ளங்கையால் துணியை ஒரு தட்டுத் தட்டினார். இவள் விரலை வைத்து நீலத் தையல் முழுவதையும் மெதுவாகத் தொட்டுக்கொண்டே போனாள். இந்த முறை சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "அதான்" என்றாள், அவ்வளவு தாழ்ந்த குரலில் அந்தச் சொல்லை நான் கேட்டதேயில்லை.

"மாமா ஏதோ பெரிய விஷயத்தைச் சொல்லிட்டார்போல" என்றாள் மருமகள். "வீட்ல எங்க யாரையும் ஏறெடுத்தும் பாக்கறதில்ல. செவ்வாக்கிழம ஆனா மட்டும் சட்டைய மாத்தச் சொல்லிக் கையக் காட்டுவார்." என்னம்மா சொன்னார் என்று கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும்? உங்க வீட்டம்மாவுக்குத்தான் தெரியும்" என்றாள்.

அடுத்த வாரம் கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள், கூட்டம் கிடையாது. பதில் தைக்க வேண்டியவர்கள் துணியை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றார்கள். இவள் துணியை என்னிடம் தரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள்.

மார்ச் 21, வெள்ளி

வீட்டில் சட்டம் இல்லை. அதற்கு இவளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். என் பழைய இஸ்திரிப் பெட்டியைத் துணியின் ஒரு ஓரத்தில் வைக்கச் சொல்லிக் காட்டினாள், மறு ஓரத்தை முழங்கையால் அழுத்திக்கொள்கிறாள். காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடும்வரை அங்கேயேதான். நான் பக்கத்தில் போனால் துவாலையை எடுத்து மூடுகிறாள்! பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்கு மறைக்கிற பிள்ளை மாதிரி.

மார்ச் 27, வியாழன்

இன்று விரலில் குத்திக்கொண்டாள். ரத்தத்தைத் துடைக்கப் போனேன், கையை உதறிவிட்டுத் தொடர்ந்து தைத்தாள். அந்தப் பிடிவாதம் மட்டும் போகவில்லை. எனக்குச் சந்தோஷம்தான்.

மார்ச் 30, ஞாயிறு

முடித்துவிட்டாள். மதியம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது துணியை விரித்துப் பார்த்தேன்.

மனசு கஷ்டமாகிவிட்டது. இத்தனை நாள் உயிரைக் கொடுத்துத் தைத்தது, முழுக்கக் கோணல். ஒரு இடத்தில் முடிச்சு மேல் முடிச்சு, ஒரு இடத்தில் நூல் தொங்குகிறது. செவ்வாய்க்கிழமை எல்லார் முன்னாலும் இதையா விரிக்கப்போகிறாள்? தையற்காரன் பெண்டாட்டி தைத்த லட்சணம் என்று பார்க்க மாட்டார்களா? கூட்டத்து விதி கூட்டத்தில்தானே, இது வீடு. எனக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான், இதைக்கூட அவளுக்குச் செய்யவில்லையென்றால் நான் எதற்கு?

பிளேடு நுனியால் சிவப்பு நூலை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தேன். லாரிக்காரரின் நீலத்தைத் தொடவில்லை, அது அவருடைய சமாச்சாரம். ஊசித் துளைகளை நகத்தால் தேய்த்து, தண்ணீர் தெளித்து, இஸ்திரி போட்டேன். துளை இருந்த இடமே தெரியவில்லை. பிறகு சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அதே சிவப்பு நூலில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஓட்டுத்தையல். மெஷினில் போட்டதோ என்று தோன்றும். கண் முன்போல் இல்லையென்றாலும் கை இன்னும் இருக்கிறது. மடித்துப் பையில் வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை விரிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பார்த்தேன்.

லாரிக்காரர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. ஆராய்ச்சி துணியை வாங்கிச் சட்டத்தில் மாட்டினாள். அவர் குனிந்து தன் நீலத்துக்குப் பக்கத்தில் தேடினார். அங்கே என் கோடு. கட்டைவிரலை அதன்மேல் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனார், திரும்பவும் வந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. நிமிர்ந்து இவளைப் பார்த்தார்.

இவள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தாள், தைத்தது அந்தப் பக்கம் போய்விட்டதோ என்பதுபோல. பையைக் கவிழ்த்து உதறினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதான்?" என்றாள்.

யார் சார் இது தைச்சது என்று ஆராய்ச்சி கேட்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "நான்தான். கொஞ்சம் நேராக்கிக் குடுத்தேன்" என்று இளித்துக்கொண்டே சொன்னேன். நேராக்கிக் குடுத்தேன். அப்படித்தான் சொன்னேன்.

லாரிக்காரர் சட்டத்தை இடது கையால் தள்ளிவிட்டார். அவ்வளவு பெரிய ஆள் வாயைக் கோணிக்கொண்டு சத்தமில்லாமல் அழுகிறார். இவள் கையை நீட்டி அவர் கையைப் பிடிக்கப் போனாள், அவர் எடுத்துக்கொண்டார். இவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "அதான், அதான், அதான்" என்று அவரிடம் மன்றாடினாள். அது நான் செய்ததில்லை என்று சொல்கிறாள். வேறொன்று தைத்திருந்தேன் என்று சொல்கிறாள். எனக்கே புரிந்தது. அவருக்குப் புரியவில்லை. மருமகள் அவரை எழுப்பி அழைத்துப்போய்விட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

நல்லதுக்குத்தானே செய்தேன்? நல்லதுக்குத்தானா? அந்தச் சிரிப்பு என் காதிலேயே நின்றதே, அதற்கு இதில் பங்கே இல்லையா? தெரியலை. எனக்கே தெரியலை. என்னைப் போட்டு உதைக்க ஆள் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆராய்ச்சி வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. இவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வாசலுக்கு வந்து என்னைக் கேட்டாள். "சார், அதுல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? கூட்டத்துல தைச்சதெல்லாம் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். வீட்ல தைச்சது மட்டும் யாரும் பாக்கல. உங்களத் தவிர."

வாயைத் திறந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தே தோளில் எது ஏற்றம் எது இறக்கம் என்று சொல்லிவிடுகிறவன் நான். ஒரு மதியம் முழுக்க அந்தத் தையலின் மேல் குனிந்து, ஒவ்வொரு நூலையும் என் கையாலேயே எடுத்திருக்கிறேன். வட்டமா? ஏணிப்படியா? எங்கே நெருக்கம், எங்கே இடைவெளி? ஒன்றுகூட நினைவில்லை. கோணல் என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"கோணலா இருந்துச்சும்மா" என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இவள் வர மறுத்துவிட்டாள். சட்டையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எதிர்வீட்டம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு நான் மட்டும் போனேன், லாரிக்காரர் காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்று. அவரும் வரவில்லை. மருமகள் மட்டும் வந்திருந்தாள். "சாப்பாடே எறங்கல ஐயா. தட்டத் தள்ளிவிடறார்" என்றாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். "நீங்க சொல்றத நான் போய்ச் சொல்றேன். ஆனா அவருக்கு அது காதுல ஏறணுமே. பேச்சு எதுவும் அவருக்குச் சரியாப் புரியறதில்ல. அந்தத் துணி ஒண்ணுதான் புரிஞ்சுது."

ஏப்ரல் 10, வியாழன்

ஒரு துண்டுத் துணியில் கோணலாகத் தைத்துப் பார்த்தேன். அவளுடையது எப்படி இருந்திருக்கும் என்று கையாவது சொல்லுமா என்று. வரவில்லை. வேண்டுமென்றே வளைத்தாலும் வளைவு சீராக வந்து நிற்கிறது. இடது கைக்கு மாற்றினேன். அப்போது கோணியது, ஆனால் அது என் கோணல். அவள் ஜன்னலோரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து, காலை இழுத்து இழுத்து வந்து, துணியை என் கையிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டாள்.

அதையாவது செய்தாளே என்றிருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

இவளாகவே நூல் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாளைக்குப் போகலாமா என்று கேட்டேன். "அதான்" என்றாள், ஆமாம் என்கிற "அதான்". தப்பைச் சரிசெய்ய அவளுக்கே வழி தெரியும், மறுபடி தைத்துக் காட்டிவிடுவாள். எனக்கு ஏன் இது முன்பே தோன்றவில்லை? சிவப்பு நூல் புதிதாக ஒரு கண்டு வாங்கி வந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வாசலிலேயே ஆராய்ச்சி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. லாரிக்காரர் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். மறுபடியும் பக்கவாதம் வந்ததாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதற்குள் முடிந்துவிட்டதாம்.

யாரும் இவளுக்குச் சொல்லவில்லை. நாற்காலியைப் பார்த்தாள், எங்கள் முகங்களைப் பார்த்தாள். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோத்து மேசையில் வைத்தேன். அது அப்படியே இருந்தது. கூட்டம் முடியும்வரை தைக்கிற சத்தம் மட்டும்தான், ஊசி கெட்டித் துணியில் நுழைகிற சின்னச் சத்தம். அதை இவ்வளவு நாள் நான் கேட்டதேயில்லை.

ஏப்ரல் 16, புதன்

டீ சூடு போதுமா என்று கேட்டேன். பதில் இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

"அதான்" கூடப் போய்விட்டது. எதிர்வீட்டம்மாவிடம் சொல்கிறாள், போனில் மகளிடம் சொல்கிறாள். என்னிடம்தான் இல்லை. டாக்டரம்மா கேட்டால் எதைக் குறித்திருக்கிறேன் என்று காட்டுவேன்?

ஏப்ரல் 25, வெள்ளி

அவள் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறாமைப்பட்டதையும் சொன்னேன். எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும், கடையில்கூட நீதானே பேசுவாய், இதையும் நீயே எனக்காகச் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்றெல்லாம் உளறினேன். இடது கையால் தலையை வாரிக்கொண்டே கேட்டாள். கேட்டாளா? வாரி முடித்ததும் சீப்பிலிருந்த முடியைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள், வெளியே போடச் சொல்லி. போட்டேன்.

மே 6, செவ்வாய்

துண்டுகளை இணைக்கும் நாள். லாரிக்காரரின் மருமகளும் வந்திருந்தாள். நான் எழுந்து நின்றேன், கூட்டத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தேன். என் கோட்டை நானே பிரித்துவிடுகிறேன், அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும், அனுமதி கொடுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். ஆராய்ச்சி எல்லாரையும் பார்த்தாள்.

மருமகள்தான் பேசினாள். "வேண்டாம் ஐயா. மாமா கடைசியாத் தொட்டுப் பார்த்த தையல் அது. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவினார், நான் பக்கத்துல இருந்தேன். அதுல அவர் கை பட்டிருக்கு. அத எடுத்துடாதீங்க."

பிளேடைப் பையில் போட்டுக்கொண்டேன். என் மனைவி தலை குனிந்தபடியே இருந்தாள்.

மே 20, செவ்வாய்

போகிறோம், உட்கார்கிறோம், வருகிறோம். என்னை இணைப்புத் தையலுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். போடுகிறேன். இவள் தைப்பதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி நடைகூடத்தில் துணியை மாட்டிவிட்டார்கள். சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீள்கிறது. கீழே தையல் போட்டவர்கள் எல்லாரும் நாற்காலிகளில், அவரவரை அழைத்து வந்தவர்கள் பின்னால். மருமகள் லாரிக்காரரின் நீலத் தையலுக்கு நேரே நின்றாள், நாங்களும் அங்கேதான்.

பெரிய டாக்டர் வந்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எங்கள் துண்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அடடா! இந்தச் சிவப்புக் கோடு! இத்தன தையல்ல இது ஒண்ணுதான் பாருங்க, என்ன நேர்த்தி! யார் தைச்சது?"

ஆராய்ச்சி தரையைப் பார்த்தாள். நான் அங்கிருந்து நழுவிவிடலாமா என்று யோசித்தேன்.

அப்போது இவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். யாரும் தாங்கவில்லை, சுவரைப் பிடித்துத் தானாகவே எழுந்து நின்றாள். இடது கையை உயர்த்தி, விரலை நீட்டி, என்னைக் காட்டினாள்.

டாக்டருக்கு ஒரே மகிழ்ச்சி. "நீங்களா? பிரமாதம் சார், பிரமாதம்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் அடுத்த துண்டுக்கு நகர்ந்த பிறகும் இவள் விரலை இறக்கவில்லை.